ஸ்கேன் வேண்டாம் என்று விட்ட பென் டிரைவ்

1. எங்கள் பனியன் கம்பெனியின் பழைய கம்ப்யூட்டரைக் காலையில் போட்டால், ஆபரேட்டர் அக்கா டீ குடித்துவிட்டு வந்த பிறகும் திரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

2. தொடங்கும்போதே ஆன்டிவைரஸ் எம்பிராய்டரி டிசைன்கள் அத்தனையையும் சோதித்தது. அந்த ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கினேன். கம்ப்யூட்டர் சட்டென்று திறந்தது.

3. அக்கா மெச்சிய உற்சாகத்தில், செருகினால் இழுத்தடிக்கும் பென் டிரைவையும் விலக்கினேன்.

4. அது போய்வரும் ஏதோ ஓர் எம்பிராய்டரிப் பட்டறையிலிருந்து அதில் வைரஸ் ஏறி வந்தது.

இங்கே வெட்டிய பீஸ் கட்டோடு, துணி நாடாவில் முடிந்து, டிசைன் ஏற்றிய பென் டிரைவும் எம்பிராய்டரிக்குப் போகும். எங்கள் கட்டு நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இரண்டு எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கும் ஓர் அண்ணனுக்குப் போனது. அவருடைய கம்ப்யூட்டரில் பள்ளிச் சீருடை முத்திரைகள் இருந்தன. பள்ளி திறக்கும் முன் முடிக்க வேண்டிய ஆர்டர். வைரஸ் அவற்றைக் கெடுத்துவிட்டது.

பென் டிரைவைத் திருப்பித் தர அவரே வந்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி. இதுல சினிமாப் பாட்டு ஏத்துனனுங்க. வைரஸு அதுலதான் வந்திருக்குமாட்ட. உங்க சிஸ்டத்துக்கும் ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?”

“பாட்டுக் கேட்டுட்டே ஊசி ஓட்டுனா இப்பிடித்தானுங்ணா” என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் போனதும் விலக்குகளை நீக்கி ஸ்கேன் போட்டேன். தேதியைப் பார்த்தால், பென் டிரைவ் அவரிடம் போவதற்கு முன்பே அந்த வைரஸ் எங்கள் ஃபோல்டரில் இருந்திருக்கிறது. அன்று சாயங்காலமே அவருடைய ஷெட்டுக்குப் போனேன். அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உட்காராமலே சொன்னேன்.

“அப்ப பாட்டு மேல தப்பில்லீங்களா?” என்று சிரித்தவர், ஓடாமல் நின்ற மெஷினைப் பார்த்தார். “எங்கிட்ட ஆன்டிவைரஸெல்லாம் இல்லீங்க. உங்க கம்பெனில ஸ்கேன் ஆகித்தான வருதுன்னு செருகிருவனுங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போதைய நிலை இதுதான். சீருடை ஆர்டரில் பாதி வேறு பட்டறைக்குப் போய்விட்டது. மீதிக்கான முத்திரைகளைப் பழைய சட்டைகளைப் பார்த்து மறுபடி வரைந்து தருகிறேன். இரண்டு இன்னும் சரியாக வரவில்லை. எங்கள் பென் டிரைவ் ஸ்கேன் ஆகித்தான் வெளியே போகிறது. கம்ப்யூட்டர் பழையபடி மெதுவாகத் திறக்கிறது. அக்கா டீ குடிக்கப் போகிறார். ஸ்கேன் முடியும்வரை நான் போவதில்லை.