சுவெட்டரோடு எடை பார்த்த பிள்ளைகள்

எங்கள் தோட்டத்து நலன்புரி அதிகாரியே, என் மகள் மெலிந்துகொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நல்ல எடை என்று அட்டையில் எழுதினீர்கள்.

மடுல்சீமையில் நாங்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவோம். மாதம் ஒரு நாள் அங்கேயே எடை பார்ப்பீர்கள். எடை குறைந்த பிள்ளையின் தாயை எல்லோர் முன்னாலும் நிற்க வைப்பீர்கள். "பெத்துப் போட்டா போதுமா? சோறு யாரு போடுறது?" என்பீர்கள். அதற்குப் பயந்து, எடை பார்க்கும் நாளில் பிள்ளைகளுக்கு இரண்டு சுவெட்டர், கம்பளித் தொப்பி, தடித்த காலுறை எல்லாம் மாட்டித் தூக்கிவந்தோம். குளிர் என்று சொன்னால் போதும். ஒருமுறை நீங்களே என் மகளின் சுவெட்டரை இழுத்துப் பார்த்தீர்கள். உள்ளே இன்னொன்று இருந்தது. "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே எழுதினீர்கள். எடை குறைந்த பிள்ளைக்குத்தான் சத்துமா கொடுப்பார்கள். அவளுக்கு அது கிடைக்கவில்லை.

என் பிழையை மறைக்க மாட்டேன். கோதுமை மா விலை ஏறியதும் பால்மாவை விட்டோம். காலையில் ஒரு ரொட்டியைப் பிய்த்து மூன்று பேர் தின்றோம். இரண்டு வயது மகளுக்குப் பாலில்லாத வெறும் சாயத்தண்ணியில் நனைத்துக் கொடுத்தேன். ஓடித் திரிந்தவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அப்போதும் சுவெட்டரைத்தான் தேடினேன்.

பிறகு தாய்மாரையும் பிள்ளைகளையும் கவனிக்கும் புது மருத்துவமாது பிள்ளைக்காம்பராவுக்கு எடை பார்க்க வந்தார். முதல் நாளே ஜன்னல்களைச் சாத்தி அடுப்பைப் பற்ற வைத்தார்.

"எல்லாத்தையும் கழட்டுங்க."

"சளி புடிச்சிரும் மிஸ்," என்றேன்.

"அதுக்குத்தானே அடுப்பு எரியுது. கழட்டுங்க அக்கா."

கழற்றினேன். வரிசையில் பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரி, "ஏன்டி, புள்ளைய உரிக்கிறியா, வெங்காயம் உரிக்கிறியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கடைசிச் சட்டை கழன்றதும் ஒருத்தியும் சிரிக்கவில்லை. விலா எலும்பு ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது.

மருத்துவமாது என்னைத் திட்டவில்லை. "துண்டு எழுதித் தாரேன். நாளைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். "நல்ல நேரத்துல பாத்தோம்" என்றும் சொன்னார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

வார்டில் சத்து பிஸ்கட்டைப் பொடித்து ஊட்டினார்கள். வீட்டுக்கு வந்தபின் மாதாமாதம் சத்துமா கிடைத்தது. சீனி போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுத்தேன். முதலில் துப்பினாள், பிறகு நக்கினாள், பிறகு கையை நீட்டினாள். நேற்று என் தட்டிலிருந்த ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். துரத்திப் போனவள் பாதியில் நின்று சிரித்துவிட்டேன். பிழைத்துக்கொண்டாள். இப்போது பயமில்லாமல் தூங்குகிறேன்.

ஆனால் தோட்டத்தின் மேல் பிரிவில், மேல் கணக்கில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் பழைய அட்டைதான். அங்கே எந்த மருத்துவமாதும் போகவில்லை. நாளைக் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடும் பெரட்டுக்களத்துக்கு வாருங்கள். அந்தப் பிள்ளைகளை எந்த நாளில், சுவெட்டர் இல்லாமல், மறுபடி எடை பார்ப்பீர்கள்? எங்கள் முன்னால் நின்று சொல்லுங்கள்.