நாற்பது பல்ப் நட்சத்திரம்

1959ஆம் ஆண்டு டிசம்பர் 24, வியாழக்கிழமை, பிற்பகல் நாலேகால் மணி. காலையில் தொடங்கிய மழை விட்டிருந்தது; துறைமுகப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசிக்கொண்டிருந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள், அந்தக் குறுகிய சந்துக்குள், காக்கி உடுப்புப் போட்ட ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வீட்டு இலக்கத்தைப் பார்த்தார். பிறகு தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தார். கூரையில் என் நட்சத்திரம் நின்றது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா கப்பலில் வேலை செய்தார். அந்த வருடம் ஊர்ப்பக்கம் வரவேயில்லை. அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம், சயரோகம். வத்தளைக்கு அப்பால் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு வருடமும் ஏழு மாதமுமாக இருந்தார். சிறுபிள்ளைகளை அங்கே உள்ளே விடமாட்டார்கள். நான் பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் ஒரு குறையும் இல்லாத அந்த வீட்டில் என் உயரத்தில் நின்று பேச ஒருவரும் இருக்கவில்லை.

நத்தாருக்கு, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு, இரண்டு நாள் அம்மாவை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பார்த்துச் சொல்கிறேன் என்றுதான் அவர் சொன்னாராம். அந்தப் பகுதியை நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் கவலை வேறாக இருந்தது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் நாங்கள் இந்த ஒழுங்கைக்கு வீடு மாறி வந்தோம். ஒரே வரிசையில், ஒரே மாதிரிக் கதவோடு ஆறு வீடுகள். அம்மா எப்படிக் கண்டுபிடிப்பார்?

பெரியப்பா துறைமுகத்தில் கிளார்க். ஆனால் நத்தார் மாதத்தில் அவர் வேறு மனிதர். இயேசு பிறந்த காட்சியை வைக்கும் பாலன் குடிலுக்கு விளக்குப் போடுவதுதான் அவருடைய ஒரே பைத்தியம். டோர்ச் பல்புகளை வரிசையாகக் கோத்து, இடையர்களுக்குப் பின்னால் நெருப்பு எரிவதுபோல் மினுங்கவைப்பார். ஒழுங்கையிலுள்ளவர்கள் வந்து பார்த்து, கேக் தின்றுவிட்டுப் போவார்கள்.

சட்டத்தையும் அவர் நன்றாக அறிந்துவைத்திருந்தார். எனக்கு விளங்கவேண்டும் என்று வாசற்படியில் சோக்கட்டியால் ஒரு கோடு கீறினார்.

“மகன், இந்தக் கோட்டுக்கு உள்ள, பிளக்கில குத்தி எரிக்கிறது எங்கட விளையாட்டு. கோட்டுக்கு வெளிய வயர் இழுத்தா, இல்லாட்டி மெயின் சுவிட்சில கைவச்சா, அதுக்கு லைசன்ஸ் வேணும். லைசன்ஸ் இல்லாதவன் தொட்டா தண்டம்.”

அம்மாவுக்கு வீட்டைக் காட்டப் பெரியப்பா செய்த நட்சத்திரம் முதலில் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது. மூங்கில் சிலாம்பில் கட்டி, மெல்லிய ரிசுப் பேப்பர் ஒட்டி, முனைக்கு எட்டாக ஐந்து முனைக்கு நாற்பது பல்ப். ஆறு வோல்ட் பல்ப் நாற்பதைக் கோத்தால்தான் வீட்டு மின்சாரத்தைத் தாங்கும். ஒன்று செத்தால் நாற்பதும் அணைந்துவிடும். எண்ணிக் கொடுத்தது நான். எண்ணும் பழக்கம் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது, இன்னும் விடவில்லை.

ஜன்னலில் தொங்கவிட்டு எரித்ததும் நான் ஒழுங்கை முனைக்கு ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வளவு ஈரப்பலா மரம் மறைத்தது. திரும்பி வந்து, “அம்மாவுக்குத் தெரியாது” என்று மட்டும் சொன்னேன்.

பெரியப்பா ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏணியை எடுத்தார்.

“லைசன்ஸ்காரன் ஒருத்தனைக் கூப்பிட்டா என்ன?” என்றார் பெரியம்மா.

“நத்தார் கிழமையில அவங்கள் அம்பிட மாட்டாங்கள்.”

“ஆரும் பிடிச்சா?”

“போய் உம்மட கேக்கைப் பாரும். நட்சத்திரத்துக்கு ஆரும் தண்டம் அடிப்பாங்களா?”

மெயின் சுவிட்சிலிருந்து வயர் கிளம்பிச் சோக்குக் கோட்டைத் தாண்டி, சுவரோரமாக ஏறி, கூரைக்குப் போயிற்று. இருபத்திரண்டாம் திகதி அந்தியில் எரித்துப் பார்த்தோம். ஒழுங்கை முனையிலிருந்து மட்டுமல்ல, பெரிய தெருவில் நின்றபோதும் தெரிந்தது. என் வாழ்நாளில் அதைப்போல நிம்மதியான ஓட்டம் ஓடியதில்லை, வீடு வரைக்கும்.

மறுநாள் பெரியப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, சட்டையைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்தார்.

“அம்மா நாளைக்கு எத்தனை மணிக்கு வருவா?” என்றேன்.

அவர் கூரையைப் பார்த்தார். “நட்சத்திரம் எரியட்டும் மகன். பாப்பம்.”

அதற்கு அடுத்த நாள்தான் காக்கிக்காரர் வந்தார். மின்சார அலுவலகத்து ஆள்; இன்ஸ்பெக்டர் என்று பெரியப்பா அவரைக் கூப்பிட்டார். சிங்களத்தில் பேசினார்கள், எனக்குப் பாதி விளங்கியது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்றுதான். தெருவில் ஐஸ்பழக்காரனோடும் ஐந்து சதத்துக்கு வாதாடுகிற பெரியப்பா, அன்றைக்கு ஒரு சொல் எதிர்த்துச் சொல்லவில்லை. ஏணியை அவரே கொண்டுவந்து சாத்தி, இன்ஸ்பெக்டர் ஏறும்போது அடியில் பிடித்துக்கொண்டார்.

நான் ஏணியைப் பிடித்து ஆட்டப் போனேன். பெரியம்மா என்னை இழுத்துக்கொண்டார். “வெட்டாதேங்கோ, அம்மா வீட்டைப் பிடிக்க மாட்டா” என்று கத்தினேன். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. பிள்ளை என்ன சொல்கிறது என்று கீழே குனிந்து கேட்டார். பெரியப்பா மெதுவாக ஏதோ சொன்னார். அந்த மனிதர் சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு திரும்பி வயரை வெட்டினார். வெட்டிய முனைகளைக் கறுப்பு டேப்பால் அவர் சுற்றிய பொறுமை, புண்ணுக்குத் துணி சுற்றுவதுபோல இருந்தது. இறங்கி வந்து மெயின் சுவிட்சுக்கு ஈயமுத்திரை வைத்தார். வீடு முழுக்கக் கரண்ட் நின்றது. கேக் கொடுத்தார்கள், அவர் வாங்கவில்லை.

அன்றிரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் குடில் இருந்தது. நான் வாசற்படியில், சோக்குக் கோட்டின் மேல், ஒழுங்கை முனையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மற்ற வீட்டு ஜன்னல்களில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் எரிந்தன. அம்மா வரவில்லை.

பெரியப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அந்தக் காக்கிக்காரனாலதான் மகன்” என்றார். “அவன் வெட்டாட்டி அம்மா வந்திருப்பா.”

அவரைப் போன்ற கத்தோலிக்கர் நத்தாருக்கு முதல்நாள் பிறர்மேல் பழி சொல்வது எனக்குப் புதிது. ஆனால் பிடித்துக்கொண்டேன். அதன்பிறகு மீட்டர் பார்க்க வந்தவர், தபால்காரர், பஸ் கண்டக்டர் என்று காக்கி போட்ட எவரைக் கண்டாலும் முறைத்தேன். ஒருவருக்கும் சொல்லாத ஒன்றும் எனக்குள் இருந்தது. அம்மா அன்றைக்கு ஒழுங்கை முனைவரை வந்து, நட்சத்திரத்தைக் காணாமல் திரும்பிப் போய்விட்டார் என்று நம்பினேன். அடுத்த வைகாசியில் அவர் ஆஸ்பத்திரியிலேயே கண்மூடியபோதும் அதைத்தான் நினைத்தேன்.

இப்போது நான் வெள்ளவத்தையில், ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கிறேன். மூன்று பிள்ளைகள், மூன்று நாடுகள். போன நத்தாருக்குப் பல்கனியில் தொங்கவிட ஒரு நட்சத்திரம் வாங்கினேன். சட்டம் இன்னும் ஏறக்குறைய அதே சோக்குக் கோடுதான். ஆகவே லைசன்ஸ் உள்ள ஒரு பையனைக் கூப்பிட்டேன். அவன் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தான்.

“அங்கிள், இது பிளக்கில குத்துறது. இதுக்கு ஏன் என்னைக் கூப்பிட்டீங்க?”

“வயர் வெளியால போகுது, மகன்.”

“பட்டரிக்கும் எரியும் அங்கிள். நத்தாருக்கு ஆரும் வெளிநாட்டிலயிருந்து வாறாங்களா?”

“இல்லை” என்றேன். அவன் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். இன்னும் இரண்டு வீடு இருக்கிறதாம்.

இதற்கெல்லாம் பல வருடங்களுக்கு முன், பெரியப்பா காலமாகி முப்பத்தோராம் நாள், பூசை முடிந்து வந்திருந்தவர்கள் போன பிறகு, பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்.

“உன்ர அம்மாவை வீட்டுக்கு விடேலாது, இரத்தம் வருகுதெண்டு டொக்டர் முதல்நாளே சொல்லிப்போட்டார். உனக்குச் சொல்ல இந்த மனுசனுக்கு வாய் வரேல்ல. நட்சத்திரமும் எரிஞ்சு அவளும் வராட்டி நீ என்ன நினைப்பாய்? விடிய வேலைக்குப் போற வழியில மின்சாரக் கந்தோருக்குப் போய், இன்ன ஒழுங்கையில இன்ன இலக்கத்தில ஒருத்தன் லைசன்ஸ் இல்லாமல் வயர் இழுத்திருக்கிறான், வந்து வெட்டுங்கோ எண்டு இந்த மனுசனே சொல்லிப்போட்டு வந்தவர்.”

அம்மாவின்மேல் என் கோபம் விழாமலிருக்க, காக்கி உடுத்த ஓர் அந்நியனை அவர் விலைக்கு வாங்கி எனக்குக் கொடுத்திருக்கிறார். ஏணியையும் பிடித்திருக்கிறார். என் கோபம் எங்கே போகும் என்று அவர் கணக்குப் பார்த்தது சரி. நான் மனதுக்குள் ஒழுங்கை முனைவரை அம்மாவை நடத்திக் கூட்டிவந்து திருப்பி அனுப்புவேன் என்பது அவருடைய கணக்கில் இருக்கவில்லை.

விலை என்னவென்று பெரியம்மாவிடம் கேட்டேன். அவருக்கு மறக்கவில்லை. தண்டம் இருபத்தைந்து ரூபாய், முத்திரை உடைத்துத் திரும்பக் கரண்ட் கொடுக்க ஏழரை. எல்லாமாக முப்பத்திரண்டு ரூபாய் ஐம்பது சதம்.