கதவோரத்து வாங்கு

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சில விஷயங்கள் மறந்தும் போய்விட்டன. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிறகு, கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயிலைத் திரும்பத் திறந்தபோது, பெரிய கதவுகளைப் பூட்டிப் பக்கக் கதவு ஒன்றைத்தான் திறந்து வைத்தார்கள். பூசைக்குப் போகாமல் இருக்க என்னால் முடியாது. போனாலோ நெஞ்சு படபடக்கும். அந்தக் கதவோரத்து நீள இருக்கையில், அந்த வாங்கில், இடம் கிடைத்தால் மட்டும் கொஞ்சம் மூச்சு வரும். இது என் இரகசியம் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் முழுக் கோயிலுக்கும் அதே இரகசியம்.

ஏழு மணிப் பூசைக்கு ஆறரைக்குப் போனேன். இடமில்லை. அடுத்த கிழமை ஆறு மணிக்கே போனேன். எங்கள் கீழ்வீட்டுக்காரி அதற்கும் முந்தி வந்து, வாங்கில் தன் கைக்குட்டையை, அந்தப் பூப்போட்ட லேஞ்சியை, விரித்துவிட்டு மெழுகுதிரி வாங்கப் போயிருந்தாள். நான் லேஞ்சியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, என்ட லேஞ்சி கிடந்ததே, காணல்லையா?"

"ஓம், கண்டனான்" என்றேன்.

"கண்டுட்டுத்தான் மேல இருந்தீங்களா? நல்ல வேலை!"

அவளும் நெருக்கிக்கொண்டு இருந்தாள். ஐந்து பேர் வாங்கில் எட்டுப் பேர். முன் வாங்குகள் வெறுமையாகக் கிடக்க, பாதர் தூரத்தில் நின்று தூண்களுக்குப் பிரசங்கம் வைத்தார்.

ஒரு ஞாயிறு அவருக்குப் பொறுமை போயிற்று. வாசக மேசையைத் தூக்குவித்துப் பக்கக் கதவை அடைத்தாற்போல வைத்தார்.

"நீங்க முன்னுக்கு வர மாட்டீங்க. சரி, நான் பின்னுக்கு வந்துட்டன். இனி எங்க ஓடுவீங்க, பாப்பம்."

வழக்கமாக வாசிக்கிற பிள்ளை அன்று வரவில்லை. பாதரின் கைக்கு எட்டிய முதல் ஆள் நான்.

"அம்மா, திருப்பாடலை நீங்க வாசிங்க."

"ஐயோ பாதர், நான் எழுத்துக் கூட்டித்தான்..."

"கூட்டியே வாசிங்க. ஆண்டவருக்கு அவசரமில்ல."

"அக்கா வாசிச்சு முடிய, பகல் சாப்பாடும் ஆறிப்போயிடும்" என்றாள் கீழ்வீட்டுக்காரி, எனக்குக் கேட்கும்படியாக.

எழும்பிப் போய், மேசையிலிருந்த புத்தகத்தில் சொல்லின் மேல் விரலை வைத்தேன். ஆண்டவரே மேய்ப்பர் என்கிற பாடல். இருட்டான பள்ளத்தாக்கில் நடந்தாலும் பயமில்லை என்கிற இடத்துக்கு விரல் வரவும், வெளியே படாரென்று ஒரு சத்தம். கூரைத் தகரம் விழுந்தது என்று பிறகுதான் தெரியும். எல்லாரும் எழும்பி ஓடினார்கள். கதவில் பாதர் நின்றபடியால், முன்னுக்குத்தான் ஓடினார்கள். கீழ்வீட்டுக்காரி பீடத்தடிக்கே போய்விட்டாள். பாதரும் மேசைக்குக் கீழே குனிந்ததாக ஞாபகம்.

நான் நின்றேன். துணிச்சலால் அல்ல. விரலை எடுத்தால் வரி தவறிவிடும். பிறகு இத்தனை பேர் பார்க்க முதலிலிருந்து கூட்ட வேண்டும். அதனால் அடுத்த சொல்லைக் கூட்டினேன். பிறகு அதற்கடுத்ததை. பாடல் முடிந்த பிறகுதான் நெஞ்சு படபடக்கவில்லை என்பதைக் கவனித்தேன். என் தலையில் ஒரு நேரத்தில் ஒரு சொல்லுக்குத்தான் இடம். அதில் ஆண்டவருடைய சொல் இருந்தபடியால் பயம் வெளியே நின்றுவிட்டது.

இப்போது கதவோரம் தேடுவதில்லை. கிடைத்த வாங்கில் இருந்து, புத்தகத்தில் விரலை வைத்துக்கொள்கிறேன்.

அன்று பாதர் உண்மையிலேயே குனிந்தாரா, வாங்கில் எட்டுப் பேரா ஏழு பேரா என்று, அங்கே இருந்த யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். கீழ்வீட்டுக்காரியிடம் மட்டும் கேட்க வேண்டாம். அன்றைக்கு அசையாமல் நின்றது தான்தான் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.