நாலு நாற்காலியும் ஒரு கன்றுக்குட்டியும்

நீங்களே உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள், மாமனார் பத்து விரலையும் விரித்து முழங்காலில் வைத்துக்கொண்டுதானே போட்டோவில் உட்கார்ந்திருக்கிறார்? அது பாப்பாத்தியக்கா வைத்த கை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூர் வரைக்கும் எத்தனை வீடுகளில் அந்தக் கை இருக்கிறதோ, மாரியம்மனுக்குத்தான் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை அம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டுப் பிரகாரம் சுற்றும்போது பூக்காரி சொன்னாள், அக்கா முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்று. சுற்றியது மூன்றா நான்கா என்பது மறந்துபோய், முதலிலிருந்து சுற்றினேன்.

அக்காவைத் தெரியாத இளசுகளுக்காகச் சொல்கிறேன். போட்டோ எடுத்தது அவள் வீட்டுக்காரர். கேமராவை முக்காலியில் நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் அவர் வேலை அதோடு சரி. யார் எங்கே நிற்பது, கை எங்கே, முந்தானை எங்கே எல்லாம் அக்காதான். வேற்று ஆண்பிள்ளை நம் பெண்களின் முகவாயைத் தொட்டுத் திருப்ப முடியுமா? அதற்காகத்தான் முதலில் கூட வந்தாள். பிறகு ஆண்களையும் அவளே திருப்ப ஆரம்பித்துவிட்டாள். என் மாமனார் கையைப் பொத்தி வைத்திருந்தபோது, "விரிச்சு வையுங்க மாமா, பொத்துனா வெல்லந் திருடுனவராட்டம் இருக்குதுங்க" என்றாள். பெற்ற தாய் பேச்சையே கேட்காத மனுசன், பத்து விரலையும் விரித்தார்.

யாரையும் சிரிக்கச் சொல்ல மாட்டாள். "சிரிச்சு முடிச்சதும் ஒரு மூஞ்சி வருமல்லங்க, அது போதும்" என்பாள். அந்த முகம் வருவதற்காக ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள். சொன்னதையெல்லாம் நான் இங்கே எழுத முடியாது.

என் நாத்தனார் மகள் கல்யாணத்தில் சம்பந்திகள் இரண்டு பேரும் நடு நாற்காலிக்காக முறுக்கிக்கொண்டு நின்றார்கள். பந்தியில் சோறு ஆறுகிறது. அக்கா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையல்காரருக்குப் போட்டுவிட்டு வந்தாள். "அஞ்சு போட்டா நடுன்னு ஒண்ணு வருது. நாலு போட்டா நடு எங்கீங்க?" இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

எனக்கு அவள் செய்தது வேறு. எழுபத்தொன்று கடைசியில் எல்லையில் சண்டை. என் மூத்தவன் செல்வராசு பட்டாளத்தில் இருந்தான். மூன்று வாரமாகக் கடுதாசி இல்லை. கடைசியாக எழுதியதில் குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தான். என் வீட்டுக்காரர் அக்காவையும் போட்டோக்காரரையும் வரச்சொல்லிவிட்டார். எல்லாரும் உடுத்தி வாசலில் வரிசையாக நின்றபின், என் பக்கத்தில் பையனுக்கு இடம் விடச் சொன்னார், அவனுடைய பழைய படத்தை வெட்டிப் பிறகு ஒட்டிக்கொள்ளலாமாம். திரும்பிப் பார்த்தேன். ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் சுவர். செத்தவர்களுக்கல்லவா இப்படி இடம் விட்டு ஒட்டுவார்கள்? நிற்க மாட்டேன் என்று உள்ளே போய்ச் சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் இவர் கத்துகிறார். வெளிச்சம் போகிறது என்று போட்டோக்காரர் துணிக்குள்ளிருந்து முனகுகிறார்.

அக்கா உள்ளே வந்தாள். "ஏனுங் அம்மிணி, பையனுக்கு இந்த ஊட்டுல ஆரு மேல ரொம்பப் பிரியமுங்க?"

எனக்கு இருந்த கோபத்தில், "கடுதாசியில என்னையக் கேக்கறதுக்கு முன்ன கன்னுக்குட்டியத்தான் கேக்கறான். அவன் லீவு முடிஞ்சு போன அன்னிக்குப் பொறந்தது" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தால், அந்த வெறும் இடத்தில் ஒரு கன்றுக்குட்டி. அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"உசுரோட இருக்கறவரு எடத்துல உசுருள்ளது நிக்கட்டுமுங்க."

மகாலட்சுமியே வந்து நின்றபின் நான் மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்க முடியுமா? போய்ப் பக்கத்தில் நின்றேன். போட்டோக்காரர் துணியை விலக்கி, கன்றுக்குட்டி மேல் பையனை எப்படி ஒட்டுவது என்று சிடுசிடுத்தார்.

"ஒட்ட வேண்டாம். அவரே வந்து நிக்கட்டும்" என்றாள் அக்கா. பிறகு என் முகவாயைத் தொட்டு ஒரு விரல் அளவு தாழ்த்தினாள்.

தை பிறந்ததும் கடுதாசி வந்தது. நம் கன்று நன்றாக வளர்ந்திருக்கிறது, போட்டோவைப் பெட்டி மூடியில் ஒட்டியிருக்கிறேன், அம்மா பக்கத்தில் நிற்பது உன் தம்பியா என்று எல்லாரும் கேலி செய்கிறார்கள் என்று எழுதியிருந்தான். சித்திரையில் அவனே வந்து என் பக்கத்தில் நின்றான். அக்கா அவன் முகவாயையும் தாழ்த்தினாள்.

அவளிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த ஒரு விரல் அளவுதான். சந்நிதியில் கை கூப்பும்போது முகவாயை அந்த அளவுக்குத் தாழ்த்திக்கொள்கிறேன். பிறகுதான் கண்ணை மூடுகிறேன். அம்மனுக்கும் அந்த முகம்தான் பிடிக்கிறது என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

அட, இது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் கன்று அன்றைக்கு மாடுகளோடு ஏரிக்கரைக்குப் போயிருந்தது. வாசலில் நின்றது பக்கத்துத் தோட்டத்துக்காரருடையது. அக்காவும் போட்டோக்காரரும் போனபின் அவர் தேடிக்கொண்டு வந்து ஓட்டிப்போனார்.