நேர்ந்து விட்ட குதிரை

மலாயாவில் பாலோ ரயிலடியிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போனால் வருகிற ரப்பர் தோட்டத்தில் அய்யாவு குதிரைக்காரராக இருந்தார். ஊரில் இருந்தவரை நாகப்பட்டினத்தில் ஜட்கா ஓட்டியவர். கப்பலேறி வந்தபோது எல்லோரையும்போல அவர் கையிலும் பால்வெட்டும் கத்தியைத்தான் கொடுத்தார்கள். மனிதர் மரத்தைக் கீறிய லட்சணத்தைப் பார்த்து, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் தலையில் அடித்துக்கொண்டு, உனக்கு வேறு என்னதான் தெரியும் என்று கேட்டார். குதிரை தெரியும் என்றார் அய்யாவு. அடுத்த வாரமே துரை பங்களாவின் பின்பக்கத்துக் குதிரைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள்.

அங்கே இருந்தது ஒரே குதிரை. சிங்கப்பூரில் துரை வாங்கி வந்த ஆஸ்திரேலியாக் குதிரை, பழுப்பு நிறப் பெட்டை. நெல்லி என்று துரைதான் பெயர் வைத்திருந்தார். அது வெள்ளைக்காரப் பெயர் என்று யார் சொன்னாலும், கூலிகள் குடியிருந்த லயத்துப் பெண்கள் நம்பவில்லை. காலையில் துரையைச் சுமந்துகொண்டு தோட்டம் சுற்றிவிட்டு வந்தால், மீதிப் பொழுதெல்லாம் அது அய்யாவுவின் பொறுப்பு. கொள்ளு வேகவைப்பார், உடம்பு தேய்ப்பார், குளம்பில் அப்பிய மண்ணை நோண்டி எடுப்பார். செய்துகொண்டே பேசுவார். என்னிடம் ஒரு வருஷத்தில் பேசுவதை அதனிடம் ஒரு நாளில் பேசிவிடுகிறார் என்று அவர் மனைவி வெள்ளையம்மா குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள். பிள்ளை இல்லாத வீடு. அதனால் கேட்டவர்கள் அளவோடுதான் சிரித்தார்கள்.

ஆடி மாதம் முனியாண்டி கோயில் திருவிழாவில் கரகத்துக்கு முன்னால் நெல்லி நடந்து போகும். குதிரை ஏறி ஊர் காக்கிற சாமிக்கு ஒரு நிஜக் குதிரையே கிடைத்ததில் தோட்டத்து ஜனங்களுக்கு ஏகப் பெருமை. பக்கத்துத் தோட்டத்தார் களிமண் குதிரையோடு நிற்க, இவர்களுடையது தலையை ஆட்டிக்கொண்டு நடந்தது. துரையும் மறுக்காமல் அனுப்பி வைப்பார். அன்றைக்கு அய்யாவு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடிவாளத்தைப் பிடித்து நடக்கிற நடையைப் பார்த்தால், முனியாண்டியே அவருக்கு அடுத்தபடிதான் என்று தோன்றும்.

வருஷங்கள் போயின. துரை மோட்டார் சைக்கிள் வாங்கினார். நெல்லிக்கு வயதாகி முதுகு குழிந்தது. அது பெரிய விஷயமில்லை, குதிரைக்கும் ஓய்வு வேண்டாமா என்று அய்யாவு சொல்லித் திரிந்தார். ஆனால் ஒருநாள் முன்னங்கால்களை ஊன்ற முடியாமல், பின்னங்காலில் பாரத்தைச் சாய்த்து, அடுப்புக்கல்லை மிதித்ததுபோல நின்றது. துரை ஜொகூர் பாருவிலிருந்து மாட்டு டாக்டரை வரவழைத்தார். குளம்புக்குள் இருக்கும் எலும்பு பிசகி இறங்கிவிட்டது, இந்த வயதில் இனி ஆறாது என்று டாக்டர் சொன்னார். நடுவில் தேவலை போலத் தெரியும், அதை நம்பி ஏமாறாதீர்கள், திரும்ப வரும்போது இதைவிட மோசமாக வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

துரை அன்று மாலை கொட்டகைக்கு வந்து வெகுநேரம் நின்றார். டவுனில் வண்டி இழுக்க விற்கவும் மாட்டேன், வலியில் நிறுத்தியும் வைக்க மாட்டேன் என்றார். நாளைக் காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், வயிறு நிறையக் கொள்ளு கொடுத்து மரத்தடிக்குக் கொண்டு வா, தலையை நீ பிடித்துக்கொள், மற்றதை நான் ஒரே குண்டில் முடித்துவிடுகிறேன் என்றார். சொல்லும்போது அவருக்குக் குரல் சரியாக வரவில்லை. கொல்கிறவன் குரல் எப்படிப் போனால் என்ன என்றுதான் அய்யாவுக்கு அப்போது தோன்றியது.

அங்கிருந்து நேரே பூசாரி காளியப்பன் வீட்டுக்குப் போனார். விடியும்போது நெல்லியின் கழுத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தது, நெற்றியில் குங்குமம் இருந்தது. முனியாண்டிக்கு நேர்ந்து விட்டாயிற்று என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் சேதி பரவியது. நேர்ந்து விட்ட ஆட்டை, சேவலை, மாட்டை யாரும் தொட மாட்டார்கள். அது சாமியின் உடைமை. அதன்மேல் குண்டு பாய்ந்தால் மறுநாள் பால்வெட்டுக்கு ஒரு ஆள் இறங்கமாட்டான் என்பது துரைக்கும் தெரியும். துப்பாக்கியோடு வந்தவர் மஞ்சள் துணியைப் பார்த்தார், சுற்றி நின்ற ஜனங்களைப் பார்த்தார், கடைசியில் அய்யாவுவைப் பார்த்தார்.

“நீ இதை நெல்லிக்காகச் செய்யலே, அய்யாவு. உனக்காகச் செய்றே,” என்றார்.

துரை போன பிறகு லயத்தில் அய்யாவுவைத் தோளில் தூக்காத குறைதான்.

டாக்டர் சொன்ன ‘தேவலை’ வந்தது. மணல் பரப்பிய தரையில் நின்று, ஈரத்துணி சுற்றிய காலோடு, நெல்லி கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. சாமி காப்பாற்றிவிட்டது என்று பெண்கள் தேங்காய் உடைத்தார்கள். வெள்ளைக்கார டாக்டருக்கு என்ன தெரியும் என்று அய்யாவு கள்ளுக்கடைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். துரை நீண்ட லீவில் சீமைக்குப் போனார். அவர் இடத்துக்கு ஒரு சின்னத்துரை வந்தார். கோயில் குதிரை விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று பழைய துரை அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

பருவமழை பிடித்ததும் நோய் திரும்பியது. டாக்டர் சொன்னபடியே மோசமாக வந்தது. இம்முறை நெல்லி படுத்துவிட்டது. படுத்த பக்கமெல்லாம் புண். குளம்பின் ஓரம் பிளந்து சீழ் கசிந்தது. வேப்பெண்ணெய் போட்டார், சாம்பிராணி போட்டு ஈ விரட்டினார், கஞ்சியைக் கையால் வாயில் ஊற்றினார். அதற்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. இதில் ஜனங்கள் வேறு விடவில்லை. சாமி குதிரை சோதிக்கப்படுகிறது என்று சொல்லி, பிள்ளை வரம் கேட்டு அதன் பிடரியில் நூல் கட்டிவிட்டுப் போனார்கள். நூல் கட்டக் குனிந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அதைப் பார்த்த அன்றைக்கே அய்யாவு கிளம்பிவிட்டார்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சதாசிவத்திடம் போய், சின்னத்துரையிடம் சொல்லி ஒரு குண்டு போடச் சொல்லுங்கள் என்று கேட்டார். கிராணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பூசாரி வந்து என் முகத்துக்கு நேரே சரி என்று சொன்னால் செய்கிறேன், இல்லையென்றால் மாட்டேன் என்று சின்னத்துரை சொல்லியனுப்பினார். அவர் பயம் அவருக்கு.

காளியப்பன் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதுதான் தொல்லையாகப் போயிற்று.

“நேந்து விட்டது நீதானே? இப்பத் திருப்பிக் கேக்கறதுக்கு இது என்ன அடகுக்கடையா?” என்றார். பிறகு அய்யாவுவின் முகத்தைப் பார்த்து மனம் இளகி, சரி, சாமியையே கேட்போம் என்று பூக்கட்டிப் பார்க்கச் சம்மதித்தார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் உத்தரவு. சாமி காலடியிலிருந்து வெள்ளையம்மாதான் எடுத்தாள். பிரித்தால் சிவப்பு. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். தன் கை ராசிதான் இப்படி என்று அவள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குமேல் அய்யாவு என்ன செய்வார்? துப்பாக்கி அவரிடம் இல்லை. கத்தி இருந்தது, கை வரவில்லை. அப்படியே வந்திருந்தாலும் லயத்தில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும் அவர் தலையில்தான் விடிந்திருக்கும். தானே கட்டிய முடிச்சு, தன்னாலேயே அவிழ்க்க முடியவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்று அவரே தன்னைத் திட்டிக்கொண்டார். துரை துப்பாக்கியோடு வந்த அந்தக் காலையில் அது நின்றுகொண்டிருந்தது. கொள்ளு தின்றது. வெயில் வராத மரத்தடி இருந்தது. எல்லாம் சரியாக இருந்த அந்த ஒரு காலையைத் தான்தான் கெடுத்துவிட்டோம் என்று அவருக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது.

பிறகு ஒரு மழைநாள் பகலில், லயமே வேலைக்குப் போயிருந்த வேளையில் நெல்லி செத்துப்போனது. அய்யாவு கொட்டகையில் இல்லை. விறகுக் கொட்டாயில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வைக்கப் போன வெள்ளையம்மாதான் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னாள்.

கோயிலுக்குப் பின்னால் குழி வெட்டி, மாலை போட்டு, மேளத்தோடு புதைத்தார்கள். சாமி தன் குதிரையைத் தானே கூப்பிட்டுக்கொண்டது என்றார் காளியப்பன். துரையின் குண்டுக்குத் தப்பவைத்த புண்ணியவான் என்று அய்யாவுக்கும் ஒரு மாலை போட வந்தார்கள். அவர் கூட்டத்திலிருந்து நழுவிவிட்டார். மறுவாரம் மண்டோரிடம் போய்த் திரும்பவும் பால்வெட்டுக் கத்தி கேட்டு வாங்கிக்கொண்டார். இன்னமும் அவருக்குப் பால் வெட்ட வரவில்லை. மண்டோர் இந்த முறை திட்டவில்லை.

வெள்ளையம்மாவுக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசி வாரம் முழுக்க இவர் கொட்டகைப் பக்கமே போகவில்லை. கஞ்சி கொடுத்ததும் புண் துடைத்ததும் அவள்தான். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்துவிட்டு நாற்றத்துக்குப் பயந்து ஒதுங்கிய மனிதனா இவர் என்று அவளுக்கு மனது ஆறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுவிட்டுக் கேட்டேவிட்டாள்.

“ஏங்க, அது சாகக் கெடக்கறப்ப ஏன் ஒரு தடவகூட உள்ள வரலே?”

அய்யாவு சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

“நான் வர்ற சத்தம் கேட்டாப் போதும், எழுந்திருச்சு நிக்கப் பாக்கும். அந்தக் காலை வச்சுக்கிட்டு. அதான் புள்ள, தள்ளி ஒக்காந்திருந்தேன்,” என்றார்.