பிடி கொடுக்காத கதவு

கண்ணை மூடிக்கொண்டு, இடது உள்ளங்கையைக் கார்க் கதவின்மேல் வைத்து, மேலிருந்து கீழாக ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை தடவுகிறார் ரூபேந்திரன். நடுவழியில் கை நிற்கிறது. முகம் சுளிக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிறவர் மாதிரி மறுபடியும் தொட்டுப் பார்க்கிறார். "இங்க ஒரு பள்ளம் இருக்கு" என்கிறார். பக்கத்தில் நிற்கிற யாருக்கும் அது தெரியாது. டார்ச் அடித்துப் பார்த்தாலும் தெரியாது. அப்படி ஒரு பள்ளம் நிஜமாகவே இருக்கிறதா என்பது கடவுளுக்கே வெளிச்சம். ஆனால் அன்றைய பொழுது அதற்குத்தான்.

ஜொகூர் மாநிலத்து உலு திராமில், வரிசை வீடுகள் அடைத்துக்கொண்டு நிற்கிற ஒரு தாமான் குடியிருப்பில் அவர் வீடு. வாசலில் கார் நிறுத்துகிற இடம்தான் பட்டறை. ஐம்பத்திரண்டு வயது. பகலில் பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அங்கே மூன்று தூண்கள், ஓர் இரும்புக் கதவு, மேலாளரின் புதுக் கார் எல்லாம் அவர் கைவண்ணத்தில் நசுங்கியிருக்கின்றன. அதைக் கேட்டால் கூச்சமே இல்லாமல் பதில் வரும்: "அது வேல லா. இது ஆர்ட்டு." மாலை ஐந்தரைக்கு வீடு வந்து சட்டையைக் கழற்றி மாட்டியதும் ஆர்ட்டு ஆரம்பமாகிவிடும்.

தொண்ணூற்றாறாம் வருடத்து வீரா கார் அது. பதினோரு வருடமாக அதன் உடம்பை வழுவழுப்பாக்கிக்கொண்டிருக்கிறார். முதலில் கம்பெனிப் பெயரைப் பெயர்த்தார். பிறகு ஏரியல் போயிற்று. பெட்ரோல் மூடி, பின்பெட்டிப் பூட்டு, பம்பருக்கும் உடம்புக்கும் நடுவில் இருந்த இடுக்கு என்று ஒவ்வொன்றாக மறைந்தன. ஓட்டை என்று எதைக் கண்டாலும் மனிதருக்கு ஆகாது. தகடு வைத்துப் பற்றவைப்பார், பள்ளம் அடைக்கிற புட்டி மாவைப் பூசுவார், தேய்ப்பார், மறுபடி பூசுவார். பெட்ரோல் போட வேண்டுமானால் இப்போது பின்பெட்டியைத் திறந்து உள்ளே தலையை விட வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் அவருக்குப் பின்னால் நிற்கிறவர்கள், அவர் குனிந்ததுமே வேறு வரிசைக்கு மாறிவிடுகிறார்கள்.

வேலை முடிந்த இடத்தைத் தடவி அவர் சொல்வது ஒரே சொல்தான்: "லிச்சின்!" வழுவழுப்புக்கு மலாய்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் கிடையாது. இட்லி வாய்த்தால் லிச்சின், புதுத் தார்ச்சாலை லிச்சின், கும்பாபிஷேகத்துக்கு வந்த சிவாச்சாரியாரின் தலையும் லிச்சின். அதே சொல்லுக்குத் துடைத்தெடுத்தாற்போல் தீர்ந்துபோனது என்றும் ஒரு பொருள் உண்டு. மனைவி புஷ்பவள்ளிக்கு அந்தப் பொருள்தான் வசதி. "சோறு லிச்சின். போய் உங்க காடியத் தடவிட்டுப் படுங்க" என்பார். காரை அவர்கள் காடி என்றுதான் சொல்வார்கள்.

புட்டியோடு சிவப்புப் பசையைக் கலந்தால் நான்கு நிமிடத்தில் இறுகிப்போகும், ஜொகூர் வெயிலில் மூன்றரை. அந்த மூன்றரை நிமிடத்தில் வீடு பற்றி எரிந்தாலும் அவர் எழுந்து வரமாட்டார். ஒருமுறை லாபிஸிலிருந்து மாமியார் கிருஷ்ணம்மா போன் செய்து, "மாப்பிள்ளை என்னம்மா பண்றாரு?" என்று கேட்டார். புஷ்பவள்ளி அடுப்பு வேலையில், "வாசல்ல உக்காந்து புட்டி அடிச்சிக்கிட்டு இருக்காரும்மா" என்று சொல்லிவைத்தார். "பட்டப்பகல்லயா?" "காலையில இருந்தே." அந்த வாரமே விபூதியும் எலுமிச்சம்பழமுமாக பஸ் ஏறி வந்த கிருஷ்ணம்மா, மாப்பிள்ளை பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பார்த்தார். பெயிண்டில் கலக்கிற தின்னரின் நெடி மண்டையில் ஏறியது. "இது என்னடி சரக்கு, புதுசா இருக்கு?" என்று மகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பக்கத்து வீட்டு ஐயாசாமியின் கறுப்புக் கால்சட்டைகள் கொடியில் காயும்போதே புட்டித் தூசி படிந்து சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். ஆனால் போன வருடம் நம் ஆளின் பார்வை கதவுப் பிடிகளின்மேல் விழுந்தது. அவ்வளவு வழுவழுப்பான உடம்பில் நான்கு பிடிகள் துருத்திக்கொண்டு நிற்பது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நான்கையும் கழற்றினார். குழிகளை அடைத்து, பூசி, ஆறு வாரம் தேய்த்தார். கதவைத் திறக்க ஒரு ரிமோட். அழுத்தினால் 'டொக்' என்று கதவு தானாக விலகும். ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் நடந்த போட்டியில், மிக வழுவழுப்பான உடம்புக்கென்று ஒரு கோப்பையும் கொடுத்தார்கள். அது இன்று சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாமி கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறார்.

இரண்டு வாரம் கழித்து, பசார் மாலாம் சந்தையில் வைத்து வந்தது வினை. சாயங்கால மழை திடீரென்று கொட்டியது. இரண்டு கையிலும் மீனும் கீரையுமாக புஷ்பவள்ளி காரிடம் ஓடினார். ரிமோட் கணவரின் பையில். கணவரோ குச்சியில் கறி சுடுகிற சாத்தே கடைக்குள், சிங்கப்பூரிலிருந்து வந்த மூன்று கார்ப் பித்தர்களுக்கு எந்த எண் மணல்தாளில் தொடங்கி எதில் முடிக்க வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். போன் அடித்ததுகூட காதில் விழவில்லை. புஷ்பவள்ளி காரைச் சுற்றிச் சுற்றி வந்து, சுவரில் கதவு தேடுகிறவர்போலத் தடவினார். குடை பிடித்தபடி போன ஒரு மலாய்க்கார அம்மா நின்று, இது உங்கள் கார் இல்லையா என்று கேட்டார். "இல்ல கக்கா. என் வீட்டுக்காரர் காடி" என்று அந்த மலாய் அக்காவுக்குச் சொன்னார் புஷ்பவள்ளி. இருபது நிமிடம் நனைந்தபின் ஒரு வாடகைக் காரைக் கூப்பிட்டு வீட்டுக்குப் போனார்.

அன்றைக்குச் சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே மெதுவாகத்தான் சொன்னார்: "என் பக்கத்துக் கதவுல ஒரு பிடி வேணும். நானே தொறக்கணும், நானே மூடணும். அது வர்ற வரைக்கும் நான் அதுல ஏற மாட்டேன்."

"ரெண்டாவது ரிமோட் வாங்கித் தர்றேன், வள்ளி."

"ரிமோட்டு டிவிக்கு."

"சரி, சைடு கண்ணாடிக்கு அடியில ஒரு ரகசிய பட்டன் வெச்சுடறேன். யாருக்கும் தெரியாது."

"என் புருஷன் காடியில நான் ஏறுறது யாருக்கும் தெரியக்கூடாதா?"

"அலமாக்! நானே எறங்கி வந்து தொறந்து விடறேன். நீ ராணி மாதிரி நில்லு."

"நின்னு பாத்தாச்சு. பிடி வேணும்."

எட்டு மாதம் ஓடிற்று. புஷ்பவள்ளி வேலைக்கு பஸ்ஸில் போனார், கோயிலுக்கு ஐயாசாமி வீட்டு அம்மாவோடு போனார். ரூபேந்திரன் பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்துக்கொண்டு வழுவழுப்பாகப் போய் வந்தார். கேட்டவர்களுக்கு, "அவளுக்கு ஏசி ஒத்துக்காது" என்று ஒரு பொய்யைப் பூசினார். அதுவும் அவருக்குக் கைவந்த வேலைதான்.

அப்புறம் லாபிஸில் இருக்கும் தங்கை மலர் போன் செய்தாள். மகளுக்குக் கல்யாணம். "அண்ணே, தாய்மாமன் சீரு நீயும் அண்ணியும் ஒன்னா எறங்கிக் கொண்டாரணும். மண்டப வாசல்லயே வீடியோ எடுப்பாங்க. மாப்பிள்ளை வீட்டாளுங்க எல்லாம் அங்கதான் நிப்பாங்க, ஞாபகம் வெச்சுக்க." ரூபேந்திரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து செய்தியைச் சொன்னார். புஷ்பவள்ளி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ரயில் டிக்கெட். சனிக்கிழமை காலை, லாபிஸ் வரை, ஒரே ஓர் இருக்கை.

"ஒத்த டிக்கெட்டா?"

"உங்ககிட்டதான் காடி இருக்கே. நீங்க முன்னால போயிடுங்க. நான் ஸ்டேஷன்ல எறங்கி நடந்து வந்துடறேன்."

முப்பது வருடத்தில் ஒரு கல்யாணத்துக்கும் அவர்கள் தனித்தனியாகப் போனதில்லை. தாய்மாமன் ஒரு வாசலில், மாமி ரயிலடியில். அதையும் வீடியோ எடுத்து வைப்பார்கள். மலர் அழுவாள். சொந்தக்காரர்கள் காரணம் கேட்பார்கள், ஏசி ஒத்துக்கொள்ளாது என்றால் லாபிஸில் ஒருவரும் நம்பமாட்டார்கள். மாமியார் உறுதியாகப் புட்டியைத்தான் சொல்வார். இன்னொரு பக்கம், அடுத்த மாதம் மறுபடி போட்டி. பிடியோடு போனால் கோப்பை கிடையாது. மூன்று நாள் காரைச் சுற்றி வந்தார். தடவினார். அவர் கைக்கு ஒரு பள்ளமும் அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அரைநாள் விடுப்புப் போட்டார். புஷ்பவள்ளி வேலைக்குப் போயிருந்தார். இடப்பக்க முன்கதவில் டேப் ஒட்டி, பென்சிலால் கோடு போட்டு, அறுக்கும் மெஷினைக் கையில் எடுத்தார். கீச்சென்ற சத்தம் கேட்டு ஐயாசாமி வேலியருகே ஓடி வந்தார்.

"டேய் ரூபேன், கதவையா அறுக்கிற? கிறுக்குப் பிடிச்சிடுச்சா?"

"அண்ணே, பேசாம இருங்க. கோடு கோணிடும்."

ஆறு வாரம் தேய்த்ததை அறுக்க ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. துண்டு கழன்று விழுந்தது. ஐயாசாமி அதை எடுத்து ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். ரோஸ், சாம்பல், வெள்ளை, மறுபடி ரோஸ் என்று கேக் லாப்பிஸ் மாதிரி ஒரு விரல் கனத்துக்கு அடுக்கடுக்காகப் புட்டி. "ஏன்டா, இதுல இரும்பு எங்கடா?" என்றார். ரூபேந்திரனுக்குக் கோபம் வந்தது. பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

பழைய கார்களை உடைத்து விற்கும் கடையில் இந்தக் கதவுக்குப் பொருந்திய பிடி ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. சிவப்பு. கார் முத்துச் சாம்பல் நிறம். பெயிண்ட் அடிக்க நேரமில்லை, அடித்தாலும் விடிவதற்குள் காயாது. மாட்டினார். ஓரத்தில் புட்டி பூசக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டார். மற்ற மூன்று கதவுகளை அவர் தொடவில்லை. மனைவி கேட்டது ஒரு பிடி, கொடுத்ததும் ஒரு பிடி. அதற்குமேல் தாராளம் காட்டுகிற ஆள் அவர் இல்லை.

சனிக்கிழமை காலை புஷ்பவள்ளி பட்டுச் சேலையில், ரயிலுக்குப் போகிற வேகத்தில் வெளியே வந்தார். சிவப்புப் பிடியைப் பார்த்து நின்றார். ரூபேந்திரன் காரின் மறுபக்கம் நின்று வானத்தைப் பார்த்தார். புஷ்பவள்ளி பிடியை இழுத்தார். கதவு திறந்தது. மூடினார். மறுபடி இழுத்தார், திறந்தது.

"கலரு நல்லால்ல" என்றார்.

"தெரியும்."

"ரயிலுக்குக் குடுத்த காசு வேஸ்ட்டு."

பின்கதவுகளுக்குப் பிடி இல்லை, ரிமோட்டைக் கேட்க புஷ்பவள்ளிக்கு மனமும் இல்லை; சீர்த்தட்டு ஏழில் ஆறை முன்கதவு வழியாகவே ஒவ்வொன்றாகப் பின்சீட்டில் ஏற்றினார். கடைசித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, தன் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.

ரூபேந்திரன் தம் பக்கத்துக் கதவை நோக்கி ரிமோட்டை அழுத்தினார். 'டொக்' வரவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். கதவை ஒட்டி வைத்து அழுத்தினார். நேற்று அறுபட்டது புட்டி மட்டுமல்ல, அந்தக் கதவுக்குள் ஓடிய, நாலு கதவுக்கும் பொதுவான ரிமோட் ஒயரும்தான் என்பது அப்போது அவருக்கு உறைத்தது. வெள்ளை வேட்டியும் பட்டுச் சட்டையுமாக, ஒரு கீறல்கூட இல்லாத கதவின்மேல் இரண்டு கையையும் வைத்துத் தடவினார். ஒரு நகம் நுழையக்கூட இடமில்லை. குனிந்து கண்ணாடியைத் தட்டினார்.

"வள்ளி. தொற."

உள்ளே புஷ்பவள்ளி மடியில் இருந்த தட்டை நேராக வைத்தார். சேலை மடிப்பைச் சரிசெய்தார். தலைக்குமேல் தொங்கிய பின்பார்வைக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, தலையில் இருந்த மல்லிகையை எடுத்து இன்னொரு தரம் வைத்துக்கொண்டார். அப்புறம்தான், அவசரமே இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கணவருக்குக் கதவைத் திறந்துவிட்டார்.