அந்த ‘மத்தவங்க’ யார்?

போன ஞாயிற்றுக்கிழமை, வெண்ணந்தூரில் எங்கள் டிராமா சபாவுக்கு நான் எழுதிய புது நாடகத்தை வாசித்துக் காட்டினேன். மொத்தம் ஐந்து காட்சி. மூன்றாவது காட்சியில் நாட்டை இழந்த ராஜா புலம்புவார் — அரை மணி நேரம், ஆறு பாட்டு. ராஜா யார்? அடியேன்தான்!

முடித்ததும், “எப்படி?” என்றேன்.

“பேஷுங்க வாத்தியாரே!” என்றார் தறிக்காரர் முத்து. அவ்வளவுதான்... மற்றவர்களும் வரிசையாகப் பேஷ் போட்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது அதே முத்து கூடவே வந்தார். “எனக்கு நல்லாத்தானுங்க இருந்துச்சு. மத்தவங்கதான் ரொம்ப நீளம்னு பேசிக்கறாங்க.”

மறுநாள் இன்னொருவர். அதற்கு மறுநாள் வேறொருவர். எல்லோரும் சொன்னது இதேதான். எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, ‘மத்தவங்களுக்கு’ மட்டும் பிடிக்கவில்லை! யார் ஐயா அந்த மத்தவங்க? உங்கள் ஊரிலும் இருக்கிறார்களா?

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. போன வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில், எங்கள் நாடகம் பாதியில் இருக்கும்போதே ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இந்த வருஷமும் அப்படியானால் சபாவைக் கலைக்க வேண்டியதுதான்.

மறுபடி கூட்டம் போட்டேன். எந்தக் காட்சியை எடுத்துவிடலாம் என்று கேட்டேன். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

மந்திரி வேஷக்காரர் செங்கோடனுக்குத் தொழில் மாட்டுத் தரகு. சந்தையில் விலையை யாராவது வாய்விட்டுச் சொல்கிறார்களா? துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே பேரம் முடிந்துவிடும். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டார்.

“எத்தனாவது காச்சி வேண்டாமோ, அத்தனை வெரலைப் புடிங்க. ஆரு எதைப் புடிச்சாங்கன்னு நான் மூச்சு உடமாட்டேனுங்க.”

அடேயப்பா, என்ன சுறுசுறுப்பு! பேஷ் போட்ட பேர்வழிகள் ஒருவர் பின் ஒருவராகத் துண்டுக்குள் கையை நுழைத்தார்கள். கடைசியில் செங்கோடன் என்னிடம் வந்தார்.

“ஏனுங்க வாத்தியாரே, நீங்களும் கை குடுங்க.”

கொடுத்தேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “மூணாங் காச்சிங்க. பதினோரு பேரும் அதையேதான் புடிச்சாங்க.”

முத்து பதறிப்போய், “வருத்தப்படாதீங்க சாமி,” என்றார்.

வருத்தமா? நிம்மதியாக இருந்தது! புலம்பல் போனதும் நாடகம் விறுவிறுவென்று நடக்கிறது. ஒத்திகையில் எல்லோரும் வாய் நிறையச் சிரிக்கிறார்கள், நானும்தான்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. துண்டுக்குள் கை விட்டவர்கள் மொத்தமே பதினோரு பேர் — என்னையும் சேர்த்து!